பிறவாமை கேட்கும் ஊரில் ஒரு பிறப்பு

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதிக்குப் போகும் படிகளில், வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். வீட்டில் யாருக்கோ நல்லபடியாகப் பிள்ளை பிறந்திருக்கிறது, நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள் என்று அர்த்தம். அதே சந்நிதியில் பாடப்படும் பதிகங்களைக் காதுகொடுத்துக் கேட்டால் ஒரு விண்ணப்பம் திரும்பத் திரும்ப வரும்: பிறந்து பிறந்து களைத்துவிட்டேன், இனியொரு கருப்பையில் என்னைச் சேர்த்துவிடாதே. பிறந்ததற்கு நன்றி சொல்ல வந்தவர்களும் பிறவியே வேண்டாம் என்று பாடுகிறவர்களும் ஒரே சாமியைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார்கள்.

நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மலைக்கோட்டையின் அடிவாரத்துத் தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு நூற்பாவும் உரையோடு படித்தேன். இந்த முரணை அந்த வகுப்பில் ஒருவரும் எழுப்பியதில்லை. எழுப்பியவள் என் மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவள், பிள்ளை பெற்ற சில நாட்களில், ஓர் இரவு வார்டில் நான் வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: “ஏம்மா, நீ பாடுறதெல்லாம் இனிமே பிறக்கக் கூடாதுன்னுதானே? அப்ப இவ வந்தது தப்பா?”

அவள் சித்தாந்தம் படித்தவள் இல்லை. வாதத்துக்காகக் கேட்கவுமில்லை. என்ன பட்டுவிட்டு அதைக் கேட்டாள் என்பதைச் சொன்னால்தான் கேள்வியின் கனம் தெரியும்.

பனிக்குடம் மாலையில் உடைந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பிரசவ அறைக்குள் கூட இருக்க ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள் என்பதால் நான் உள்ளே இருந்தேன். இரவெல்லாம் வலி வந்து வந்து போனது, கருப்பை வாய் திறக்கவில்லை. விடிந்த பிறகு வலியைக் கூட்ட டிரிப் ஏற்றினார்கள். குழந்தை தலைகீழாகத்தான் இருந்தது, ஆனால் முகம் மேல்நோக்கி இருந்தது. வழக்கமாக அது தாயின் முதுகுப் பக்கம் பார்த்திருக்க வேண்டுமாம். இப்படி இருந்தால் குழந்தையின் பின்மண்டை தாயின் முதுகெலும்பில் வந்து அழுத்தும். வலி வயிற்றில் இருப்பதைவிட இடுப்பில் அதிகம் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். என் மகள் என் கையைப் பிடித்து, “முதுகை அழுத்தும்மா, அழுத்தும்மா” என்று கத்தினாள். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன். அழுத்தினால் வலி போனதா என்றால் இல்லை. கையை எடுத்தால் மட்டும் அவளுக்குத் தாங்கவில்லை.

முக்கச் சொன்ன பிறகும் தலை இறங்க வெகு நேரம் பிடித்தது. குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியில் எண் இறங்க ஆரம்பித்ததும் அறையில் பேச்சு குறைந்தது, நடை கூடியது. ஆபரேஷன் தியேட்டருக்குத் தகவல் போனது. கடைசியில் வாக்குவம் வைத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. அழவில்லை. ஒரு சிஸ்டர் துண்டால் அழுத்தித் துடைத்து முதுகைத் தேய்த்தார், பிறகு சின்ன முகமூடி வைத்துக் காற்றுப்பையை அமுக்கினார். அது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. நான் அழத் தொடங்குவதற்குள், “பாட்டி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்று யாரோ சொன்னார்கள். மகளுக்கு ரத்தப் போக்கு நிற்கவில்லை.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் போய்வருகிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நஞ்சு பிரிந்ததும் கருப்பையின் தசை இறுகி, அந்த ரத்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். நெடுநேரம் வலியெடுத்துக் களைத்த கருப்பை சில சமயம் இறுகுவதில்லை. அப்போது நேரம் என்பது நிமிடக் கணக்குதான். உள்ளே வயிற்றை அமுக்கிப் பிசைந்தார்கள், ஊசிமேல் ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். மாப்பிள்ளை ரத்த வங்கிக்கும் வார்டுக்குமாக ஓடினார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். படித்த பன்னிரண்டு நூற்பாவில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. அதன் பிறகுதான் வியாக்கியானங்கள் வரத் தொடங்கின. பார்க்க வந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், கட்டில் ஓரமாக நின்று, “போன ஜென்மத்துல என்ன வினையோ, பாவம், இந்தப் பாடு பட்டுட்டா” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வினை என்ற கோட்பாட்டை நான் மறுக்கிறவள் இல்லை. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. சித்தாந்தத்தில் வினை தானாக வந்து யாரையும் பிடித்துக்கொள்வதில்லை, அது அறிவில்லாதது. அதை உயிருக்குக் கூட்டுவிக்கிறவன் இறைவன். எந்த வினை, எப்போது, எவ்வளவு என்ற கணக்கு அவனிடம் இருக்கிறதே ஒழிய, பழத்தோடு பார்க்க வரும் உறவினரிடம் இல்லை. ஒருவர் தன் துன்பத்தை வினைப்பயன் என்று ஏற்றுக்கொண்டு அமைதி அடையலாம். நாயன்மார்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். அடுத்தவர் கட்டிலின் அருகே நின்று அதைச் சொல்லும்போது அது தத்துவமாக இருப்பதில்லை, குற்றச்சாட்டாகிவிடுகிறது. அதிலும் முகம் மேல்நோக்கி இருந்த ஒரு குழந்தையாலும் களைத்துப்போன ஒரு தசையாலும் வந்ததென்று தெளிவாகத் தெரிந்த ஒரு துன்பத்துக்கு!

பிரசவ வலிக்கு ஒரு குற்றத்தைக் காரணமாகத் தேடும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கியபோது, ஏவாளுக்கு விதிக்கப்பட்ட வேதனையை மனிதன் நீக்கலாமா என்ற ஆட்சேபம் எழுந்தது. சிம்ப்சன் வேதத்தை வைத்தே பதில் எழுதினார்: ஆதாமின் விலா எலும்பை எடுப்பதற்கு முன் கடவுளே அவனுக்கு ஆழ்ந்த உறக்கத்தை வரவழைத்தாரே! 1853-இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிள்ளைப் பேற்றில் குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்ட பிறகு அந்த ஆட்சேபத்தின் சத்தம் குறைந்தது. மகாராணிக்கு ஆனது மற்றப் பெண்களுக்கும் ஆகும் என்று சமாதானம் அடைந்தார்கள் போலும்.

வார்டில் எங்கள் பக்கத்துக் கட்டில் மருமகளுக்குத் துணையாகப் பாலக்கரையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். தினமும் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். என் மகளுக்கும் கொடுப்பார். ஏன் பேரீச்சம்பழம் என்று கேட்டேன். குர்ஆனில் மர்யம் அத்தியாயத்தில் வருகிறது என்றார். ஈசாவைச் சுமந்த மர்யமை வலி ஒரு பேரீச்ச மரத்தடிக்குத் துரத்துகிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. இதற்கு முன்பே செத்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர் சொல்லிவிடுகிறார். அப்படிச் சொன்னதற்கு எந்தக் கண்டிப்பும் இல்லை. கவலைப்படாதே என்று ஒரு குரல் வருகிறது. காலடியில் ஓர் ஓடை, மரத்தை உலுக்கினால் விழும் பழம், சாப்பிடு, குடி. “அல்லா அவங்களை ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்கல. தண்ணி குடுத்தான், பழம் குடுத்தான்” என்றார் அந்த அம்மா. வேதம் படித்தவர்களிடம் கேட்டால் இதைவிட நீளமாகச் சொல்வார்கள். இதைவிடச் சரியாகச் சொல்வார்களா, தெரியவில்லை.

இனி மகளின் கேள்வி. பிறவி நோய் என்கிறோம், பிறவிக் கடல் என்கிறோம். அந்தக் கடலில் புதிதாக வந்து விழுந்த ஓர் உயிரைப் பார்த்து ஏன் சர்க்கரை கொடுக்கிறோம்?

வகுப்பில் படித்த பதில் இது. உயிரை இறைவன் படைக்கவில்லை. அதுவும் அவனைப் போலத் தொடக்கம் இல்லாதது. ஆனால் ஆணவம் என்னும் இருளில் மூழ்கிக் கிடக்கிறது. தான் இருப்பதே அதற்குத் தெரியாது. அந்த நிலையிலிருந்து அதை எழுப்பத்தான் உடம்பும் மனமும் உலகமும் அனுபவமும் கொடுக்கப்படுகின்றன. விடியும்வரைக்கும் எரிகிற விளக்கைப் போன்றது, இவற்றுக்கெல்லாம் மூலமான மாயை என்று உமாபதி சிவம் திருவருட்பயனில் ஓர் உவமை வைத்திருக்கிறார். விடிந்துவிட்டால் விளக்கு வேண்டாம். விடியாத நேரத்தில் அதை ஊதி அணைக்கச் சொல்கிறவன் ஞானி ஆகமாட்டான். ஆகவே சித்தாந்தப்படி பிறப்பு தண்டனை அல்ல. அது இறைவனின் ஐந்தொழிலில் ஒன்று, அருளால் நடப்பது. பிறவியை முடிக்க வேண்டுமென்றாலும் பிறந்துதான் முடிக்க வேண்டும். தில்லையில் ஆடுகிற பெருமானைக் காண வாய்க்குமானால் இந்த மனிதப் பிறப்பையும் விரும்பலாம் என்று அப்பர் பாடியதன் பொருளும் இதுதான்.

பதில் சரியானதுதான். ஆனால் அது முழுக்க உயிரின் பக்கத்திலிருந்து, அதாவது பிறக்கிற குழந்தையின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிற பதில். மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் கருவில் மாதாமாதம் என்னென்ன ஆபத்துக்குத் தப்பி வந்தோம் என்று வரிசையாகச் சொல்கிறார். பத்தாம் மாதத்துக்கு வரும்போது தாயோடு சேர்ந்து படும் துன்பத்தையும் குறிப்பிடுகிறார். ஆனால் தப்பித்து வந்து பாடுகிறவர் பிள்ளை. திருமூலரும் கர்ப்பக் கிரியை என்று தனியாகவே பாடியிருக்கிறார். அங்கேயும் ஆராயப்படுவது கருதான். பட்டினத்தார் எல்லாவற்றையும் உதறிய துறவி. தாய் இறந்தபோது அவளுக்குத் தீ மூட்ட வந்து, அவள் சுமந்ததையும் வளர்த்ததையும் சொல்லிக் கதறினார். அதுவும் பிள்ளையின் குரல்தான். பெற்றவள் அந்தக் கட்டிலில் கிடந்தபடி என்ன கேட்பாள் என்பதற்கு நம் நூல்களில் இடம் குறைவு. என் மகள் கேட்டது அந்தக் கேள்வி. “இவ வந்தது தப்பா” என்பதற்குள், “நான் கிட்டத்தட்டச் செத்தது எதுக்காக” என்ற இன்னொன்றும் இருந்தது.

அதற்குப் பதில் நூற்பாவில் இல்லை. எங்கள் ஊர்க் கதையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

செவ்வந்திப் புராணம் சொல்லும் கதை அது. பூம்புகார் வணிகன் மகள் இரத்தினாவதி திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு நிறைமாதம். பார்த்துக்கொள்ளக் கிளம்பிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். இக்கரையில் மகளுக்கு வலி வந்துவிடுகிறது. சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்தில் வீட்டுக்குள் வருகிறார், பிரசவம் பார்க்கிறார். குழந்தை பிறந்ததும் மறைந்துவிடவில்லை. வெள்ளம் வடியும்வரை அந்த வீட்டிலேயே இருந்து தாயையும் பிள்ளையையும் கவனிக்கிறார். ஆறு வடிந்து உண்மையான தாய் வந்து நிற்கும்போது இரண்டு தாய்கள். மகள் திகைக்க, வந்தவர் மறைகிறார். செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆனது இப்படித்தான். சித்திரைத் திருவிழாவில் இன்றைக்கும் செட்டிப்பெண் மருத்துவம் என்று இது நடத்தப்படுகிறது.

சிறு வயதிலிருந்து கேட்ட கதை. பிரசவ அறைக்குப் பிறகு யோசித்தபோது, சாமி செய்யாமல் விட்டவைதான் கண்ணில் பட்டன. அவர் வெள்ளத்தை நிறுத்தவில்லை. நினைத்திருந்தால் தாய்க்கு வழி விட்டிருக்கலாம், கங்கையைத் தலையில் தாங்கியவருக்குக் காவிரி பெரிதா? வலியையும் எடுக்கவில்லை, வலியில்லாமல் பெற்றாள் என்றால் மருத்துவச்சி எதற்கு? அவளுடைய வினை என்ன என்று, எல்லாருடைய வினையும் தெரிந்தவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு ஆறாக ஓடியது, வலி வலியாக இருந்தது. அவர் செய்தது ஒன்றே: ஆள் இல்லாத இடத்துக்கு ஆளாக வந்தார், வேலை முடியும்வரை போகவில்லை.

இந்தக் கதை யாரைப் பற்றியது என்பதையும் யோசிக்க வேண்டும். சைவத்தின் பெரிய பிடிவாதங்களில் ஒன்று, சிவன் எந்தத் தாய் வயிற்றிலும் பிறந்தவன் அல்லன் என்பது. பிறப்பென்றால் என்னவென்றே அனுபவத்தில் அறியாதவன், தாயே இல்லாதவன், ஒரு பிறப்புக்குத் தாயாக வந்து நின்றான். இன்னொன்றும் உண்டு. பிறவாமை வேண்டும் என்று கேட்டவர்களில் ஒருவர் காரைக்கால் அம்மையார். கயிலைக்கு அவர் தலையால் நடந்து வந்தபோது, சிவன் அவரை அம்மையே என்று அழைத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. பிறவி வேண்டாம் என்றவருக்கு அவன் கொடுத்த பெயர் பெற்றவளின் பெயர். பிறப்பை அவ்வளவு இழிவாக நினைத்திருந்தால் அவனுக்கு வேறு பெயரா கிடைக்காது?

ஆகவே மகளுக்கு நான் சொன்ன பதில் இது. “பிறக்க வேண்டாம்னு கேக்கிறது அவங்கவங்க தனக்காகக் கேக்கிறது. வந்து பிறந்த பிள்ளையைப் பாத்து யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. சாமியே சொல்லல, வந்து ஏந்திக்கிட்டார்.” அவள், “நான் பட்டது எதுக்குன்னு கேட்டா?” என்றாள். “அதுக்கு அர்த்தம் கிடையாதுடி. துணைதான் உண்டு” என்றேன்.

இப்போதும் அதுதான் என் கருத்து. பிரசவ வேதனைக்கு உயர்ந்த ஒரு நோக்கம் கற்பிப்பது, பெரும்பாலும் அதைப் படாதவர்களின் பழக்கம். வலி புனிதம் என்று சொல்லிவிட்டால் அதைக் குறைக்க மெனக்கெட வேண்டாம். தாயுமானவர் வேதனையைப் புனிதமாக்கவில்லை. அவர் அதற்குப் பக்கத்தில் உட்காருவதைப் புனிதமாக்கினார்.

பக்கத்தில் உட்காருவதற்கு உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்ற கேள்வியை மருத்துவர்களும் கேட்டிருக்கிறார்கள். குவாத்தமாலாவின் ஒரு மருத்துவமனையில் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் சிலருக்கு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைத் துணைக்கு உட்கார வைத்தார்கள். மருத்துவம் படிக்காத பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், முதுகைத் தடவினாள், பேசிக்கொண்டிருந்தாள். துணை கிடைத்தவர்களுக்குப் பிரசவம் ஆகப் பிடித்த நேரம், தனியாக இருந்தவர்களுக்கு ஆனதில் பாதிக்கும் குறைவு. 1980-இல் வெளிவந்த ஆய்வு அது. அதன் பிறகு பல நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலில், பெண்ணுக்குப் பிடித்த ஒருவரை உடன் இருக்க விட வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. செவ்வந்திப் புராணக்காரருக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

துணையைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திண்டிவனத்தில், அமெரிக்க மிஷன் மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் வீட்டில் இருந்தார். ஒரே இரவில் அடுத்தடுத்து மூன்று ஆண்கள் வந்து, தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்க வரும்படி அந்த இளம்பெண்ணை அழைத்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு உயர்சாதி இந்து. எனக்கு மருத்துவம் தெரியாது, என் அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்களின் வழக்கம் இடம் தரவில்லை. மறுநாள் காலை மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900-இல் திரும்பினார், வேலூர் சி.எம்.சி. அப்படித்தான் தொடங்கியது. 1918-இல் அங்கே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் வந்தது. அந்த மூன்று கணவர்களும் பக்தி குறைந்தவர்கள் அல்லர், மனைவிமேல் பிரியம் இல்லாதவர்களும் அல்லர். இரவில் கதவைத் தட்டியவர்கள். அவர்கள் அறிந்த மதம் ஒரு கையை உள்ளே வர விடவில்லை. எங்கள் ஊர் சாமியோ பெண் உருவம் எடுத்து உள்ளே போனவர்.

எங்களுக்கு அன்று உள்ளே இருந்தவர்களைத் தெய்வம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொல்ல மாட்டேன். அந்தக் கதையில் என் இடம் அக்கரையில் நிற்கிற தாயின் இடம் என்பது கதவுக்கு வெளியே நின்றபோது எனக்குத் தெரிந்துவிட்டது. என் வேலையை உள்ளே வேறு சிலர் என்னைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். ரத்தம் நின்ற பிறகு ஓர் ஆயாம்மா வெந்நீரில் துணி நனைத்து என் மகளின் கால்களைப் பாதம்வரை துடைத்துவிட்டார். அவர்களைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் தெய்வத்துக்குச் சம்பளம் எதற்கு என்று தோன்றிவிடும். அவர்கள் மனிதர்கள். தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கு நிரந்தரப் பணி வேண்டும், ஓய்வறை வேண்டும், இரவுப் பணியில் போதுமான ஆட்கள் வேண்டும். தாயுமானவருக்கு ஏற்றும் வாழைத்தாரைவிட அவருக்கு இது பிடிக்கும் என்பது என் துணிபு.

அடுத்து வந்த நாட்களில் குழந்தைக்கு மஞ்சள் கண்டது. நீல விளக்கின் அடியில் கண்ணைத் துணியால் மறைத்துப் படுக்கவைத்தார்கள். இந்த வைத்தியத்தின் தொடக்கமும் ஒரு செவிலியரின் கண்தான். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் ஜீன் வார்டு, குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்குக் கொண்டுபோவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருப்பதை அவர் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் சில விஷயங்கள் தெரியவருகின்றன.

பால் கொடுக்க மட்டும் விளக்கிலிருந்து குழந்தையை எடுப்போம். சம்பந்தியம்மா சேனை தொட்டு வைக்கத் தேன் கொண்டுவந்திருந்தார். தேன் கூடாது, சீம்பால் மட்டும்தான் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். பால் சரியாக ஊறவில்லை என்று மகள் அழுதாள். அப்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். குழந்தை காம்பைச் சப்பும்போது தாயின் உடம்பில் ஆக்ஸிடாசின் சுரக்கிறது; பாலை வெளியே தள்ளுவதும் அதுதான், கருப்பையை இறுக வைத்து ரத்தப் போக்கைக் கட்டுப்படுத்துவதும் அதுதான். வலிக்காக டிரிப்பில் ஏற்றியதும், ரத்தத்தை நிறுத்த ஊசியில் போட்டதும் அதே பொருளின் செயற்கை வடிவம். அதைப் பரிசோதனைச் சாலையில் செய்து காட்டிய வின்சென்ட் டு வின்யோவுக்கு 1955-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பிள்ளை ஒரு பரிசும் இல்லாமல் அதைச் செய்துகொண்டிருந்தது. யாரால் அவளுக்கு உயிர் போக இருந்ததோ அவளே வாயை வைத்து அம்மாவுக்கு மருத்துவம் பார்த்தாள். “வந்தது தப்பா” என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு மகள் என்னிடம் பதில் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தீட்டுக் கணக்குத் தொடங்கியது. பெற்றவள் எந்த அறையில் இருக்கலாம், எந்தத் தட்டில் சாப்பிடலாம், பூசையறைப் பக்கம் எத்தனை நாள் போகக் கூடாது, விளக்கை யார் ஏற்றுவது. பிரசவித்தவளுக்கு ஓய்வு கொடுக்கவும் பிள்ளைக்கு நோய் ஒட்டாமல் காக்கவும் வந்த ஏற்பாடு என்று விளக்கம் சொல்வார்கள். ஓய்வு கொடுங்கள், கை கழுவாமல் பிள்ளையைத் தொடாதீர்கள். அதை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். அதற்கு அவளைத் தீண்டத்தகாதவளாக்க வேண்டியதில்லை. ரத்தம் போய் வெளுத்துக் கிடந்த ஒருத்தியை, சாமிக்கு ஆகாது என்று சொல்லித் திண்ணையிலும் பின்கட்டிலும் போட்ட காலம் ஒன்று இருந்தது. இன்றும் சில வீடுகளில் தண்ணீரையும் சோற்றையும் குறைக்கிறார்கள்.

எந்தச் சாமிக்கு ஆகாது? எங்கள் ஊர் சாமி பிரசவம் பார்த்தவர். பனிக்குட நீரும் ரத்தமும் நஞ்சும் பட்ட கை அது. காவிரி வடியும்வரை, நாம் தீட்டு என்று சொல்லும் அதே நாட்களில், அதே வீட்டில் இருந்தவர். அவர் பெயரைச் சொல்லிப் பெற்றவளை விலக்கி வைப்பது அவருடைய கதையைத் தெரியாதவர்கள் செய்கிற வேலை. நான் என் மகளையும் பேத்தியையும் பூசையறைக்கு அடுத்த அறையில், கதவைத் திறந்து வைத்துத்தான் படுக்க வைத்தேன். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இனிப் பிறவி வேண்டாம் என்று தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், நானும் வேண்டுகிறேன். வீட்டில் ஒருத்தி நிறைமாதமாக இருந்தால், அவளோடு பிரசவ அறைக்குள் யார் போவது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். ரத்தம் கொடுக்க ஆள் பார்த்து வையுங்கள். பெற்று வந்தவளிடம் வினைக் கணக்குப் பேசாதீர்கள், அவளுக்கு வயிறாரச் சோறு போடுங்கள், இரவில் பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். வாழைத்தாரை அதற்கப்புறம் ஏற்றலாம்.